பி.டி. பீரியடும் கண்ணியமான உரையாடலும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கண்ணியமாகப் பேசும் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்ததற்குக் காரணம் இரண்டு அப்பாக்கள். பெற்றோர் கூட்டத்தன்று காலையில் ஒருவர் கேட்டை அடைத்தபடி காரை நிறுத்திவிட்டு, ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட உள்ளே போய்விட்டார். திருமுல்லைவாயில் பக்கம் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர், ஐ.டி. வேலை. அவர் காருக்குப் பின்னால் பைக்கில் இரண்டு பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். கார்க்காரர் திரும்பி வந்ததும், "இன்னா சார், ரோடு உங்கூட்டு ஹாலா?" என்று இவர் கேட்டார். "மைண்ட் யுவர் லாங்குவேஜ்" என்றார் அவர். தன் மொழியில் என்ன குறை என்று இவருக்கு விளங்கவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கிட்டே போனார். விலக்கிவிடப் போன தாளாளரின் சட்டையில் இரண்டு பட்டன்கள் தெறித்தன. யாரோ எடுத்த வீடியோ மதியச் சாப்பாட்டுக்குள் ஆவடி வரைக்கும் போய்வந்துவிட்டது.

திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. மாணவர்களிடையே கண்ணியமான உரையாடலை வளர்ப்பது காலத்தின் கட்டாயம் என்று அதில் இருந்தது. அடித்துக்கொண்டவர்கள் நாற்பது வயதுக்காரர்கள், பயிற்சி பதின்மூன்று வயதுக்காரர்களுக்கு. ஒரு தனியார் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டால் இதெல்லாம் விசித்திரமாகப் படாது. பெற்றோருக்கு வகுப்பெடுத்தால் அவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த வசதி கிடையாது.

பொறுப்பாசிரியராக என்னைப் போட்டார்கள். நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். இரண்டாவது மாடியில் நான் ஒரு பையனை அதட்டினால் கீழே எல்.கே.ஜி.யில் ஏதாவது ஒரு குழந்தை அழும் என்பது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. "உங்களுக்குத்தான் நல்ல வாய்ஸ் இருக்கு" என்றார் முதல்வர் மேடம். அது பாராட்டுதானா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே பதிவேட்டில் என் பெயரை எழுதிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. வந்தவர் ஒல்லியான இளைஞர். குரலை உயர்த்துவது என்றால் என்னவென்றே தெரியாதவர்போல் பேசினார். வட்டமாக நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். பி.டி. சாரிடமிருந்து ஒரு பந்தை வாங்கி, "பந்து யார் கையில் இருக்கோ அவங்க மட்டும் பேசணும், மத்தவங்க கேட்கணும்" என்றார். பந்து முதலில் அறிவியல் டீச்சருக்குப் போனது. "இந்தச் சனிக்கிழமைக்கு ஈடா எங்களுக்கு எப்போ லீவு?" என்று அவர் கேட்டார். பந்து கைமாறும்வரை பொறுக்காமல் முதல்வர் மேடம், "அதெல்லாம் இப்போ எதுக்கு" என்றார். பயிற்சியாளர் மிகுந்த பணிவோடு, "மேடம், பந்து உங்ககிட்ட இல்லை" என்றார். அதற்குப் பிறகு பந்து மேடத்தின் மடியிலேயே இருந்தது. பயிற்சி முடியும்வரை நாங்கள் கண்ணியமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பயிற்சியாளர் எங்களுக்குச் சில வாக்கியங்களை விட்டுவிட்டுப் போனார். யாரோடாவது ஒத்துப்போக முடியாவிட்டால், "நீங்க சொல்றது எனக்குப் புரியுது, ஆனா நான் வேற மாதிரி பார்க்கிறேன்" என்று தொடங்க வேண்டும். கோபம் வந்தால், "நீங்க ஏன் அப்படி நினைக்கிறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்க வேண்டும். இவற்றைத் தாளாளரின் படத்தோடு ஃபிளெக்ஸில் அடித்துக் கேட்டருகே கட்டினார்கள். வாக்கியங்களைவிடப் படம் பெரிது.

பிள்ளைகள் எதையும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எட்டாம் வகுப்பு பி பிரிவு ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டது. "ஹோம்வொர்க் ஏன் பண்ணலை?" என்று கடைசி பெஞ்ச் பையனைக் கேட்டேன். எழுந்து நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொல்றது எனக்குப் புரியுது மிஸ். ஆனா நான் வேற மாதிரி பார்க்கிறேன்" என்றான். இருபது வருடமாகப் பையன்கள் என்னிடம் வயிற்றுவலி, கரண்ட் கட், தொலைந்துபோன நோட்டு என்று சொல்லிவந்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதைக் கேட்டதும் அவனை உட்காரச் சொல்லிவிட்டேன்.

வாரம் ஒரு நாள் கடைசி பீரியடில் விவாதம். தலைப்புகளை நிர்வாகம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. தண்ணீரைச் சேமிக்க வேண்டுமா, காலை உணவு அவசியமா, மரம் நடுவது நல்லதா. யார் மனமும் புண்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில், யாரும் மாறுபடவே முடியாத தலைப்புகளாக வந்து சேர்ந்தன. மரத்துக்கு எதிராகப் பேச வேண்டிய பையன் வெகுநேரம் நின்றான். பிறகு, "இலை கொட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அன்றைக்கு இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். குள்ளமாக, சடையை இறுக்கிப் பின்னி வருகிறவள். அவள் அம்மா எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எல்.கே.ஜி.யில் இலவச இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது.

"மிஸ், எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கிறதை வச்சு எப்படி மிஸ் பேசுறது? நிஜமாவே நாம வேற வேற மாதிரி நினைக்கிற ஏதாவது குடுங்க."

"அப்படி என்ன இருக்கு?"

வகுப்பு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. இந்த விஷயத்தை அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"பி.டி. பீரியட், மிஸ்" என்றாள்.

இதை விளக்க வேண்டும். எங்கள் கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் உண்டு. அட்டவணையில் மட்டும்தான் உண்டு. செவ்வாய்க்கிழமை பீரியடை அறிவியல் டீச்சர் எடுத்துக்கொள்வார். வியாழக்கிழமை ஆறாவது பீரியடை நான் எடுத்துக்கொள்வேன். கழுத்தில் விசிலோடு படியேறி வருகிற பி.டி. சார், சாக்பீஸும் கையுமாக என்னைப் பார்த்ததும் இறங்கிப் போய்விடுவார். ஒரு நாள்கூட நான் அவரிடம் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. வகுப்பு மட்டும் ஒரே குரலில் ஒரு பெருமூச்சு விடும். அதை நான் இத்தனை வருடமும் கணக்கின்மேல் உள்ள பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி என்று சொன்னேன். பெருந்தன்மையால் இல்லை, ஜெயித்துவிடுவேன் என்று நம்பியதால். எந்தப் பெற்றோரும் இதுவரை என்னிடம் வந்து, என் பிள்ளைக்குக் கணக்கைக் குறைத்துக்கொண்டு கொஞ்சம் ஓட விடுங்கள் என்று கேட்டதில்லை. முதல்வர் மேடம் முதலில் தயங்கினார். பிறகு, தாளாளருக்கு விளையாட்டில் ஆர்வம் உண்டு, வருடா வருடம் விளையாட்டு விழாவில் கொடியசைத்து வைக்கிறார் என்பது நினைவுக்கு வந்து ஒப்புக்கொண்டார். தாளாளரையே தலைமை தாங்கக் கேட்கலாம், மேடைத் தமிழிலேயே நடத்தலாம், பெற்றோர் சார்பில் யாரையாவது கூப்பிடலாம் என்றெல்லாம் விழா வளர்ந்தது. பெற்றோர் பிரதிநிதியாகக் கார்க்காரரையே அழைத்தார்கள். சமாதானமாகப் போனதற்கு அடையாளமாம். பைக்கில் வந்தவருக்கு அழைப்பு போனதாகத் தெரியவில்லை.

யார் எந்தப் பக்கம் பேசுவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். 'கணக்கு ஆசிரியர் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்வது சரியே' என்ற சீட்டு அந்தப் பெண்ணுக்கு விழுந்தது. மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மிஸ், நான் அந்தப் பக்கம் பேசியே ஆகணுமா? எனக்கு அது சரின்னே தோணலை."

பயிற்சியாளர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "அந்தப் பக்கம் நின்னு பார்த்தாத்தான் அவங்க நியாயம் தெரியும். நான் ஏன் எடுக்கிறேன்னு யோசிச்சுப் பாரு."

"உங்களையே கேட்கலாமா மிஸ்?"

"கேளு."

நோட்டைப் பிரித்துக்கொண்டு கேட்டாள். உங்கள் பீரியடிலேயே பாடத்தை ஏன் முடிக்க முடியவில்லை? உங்கள் பீரியடில் நீங்கள் எங்கே போகிறீர்கள்? யார் அனுப்புகிறார்கள்? முடிக்கவில்லை என்றால் யார் திட்டுவார்கள்? சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் இருபது வருடத்தில் என் வீட்டுக்காரர் உட்பட ஒருவரும் அவற்றை என்னிடம் கேட்டதில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லச் சொல்ல எனக்கே நிறுத்த முடியவில்லை. வருடா வருடம் எங்கேயாவது ஒரு வகுப்புக்கு ஆள் இருக்காது, இந்த வருடம் ஏழாம் வகுப்பு சி பிரிவில் ஜூன் மாதத்திலிருந்து கணக்கு டீச்சர் இல்லை, என் வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைக்கிறார்கள் என்றேன். அங்கேயும் நான் பாடம் நடத்துவதில்லை, சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறேன், அதற்குத்தான் என் குரல் பயன்படுகிறது என்றேன். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்லக்கூடிய விஷயங்கள் இல்லை. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டேன். மனசு லேசாக இருந்தது.

விவாதத்தன்று தாளாளர் புதுச் சட்டையில் வந்து நடுவில் உட்கார்ந்தார். பக்கத்தில் முதல்வர் மேடம், கார்க்காரர். முதலில் எனக்கு எதிராகப் பேசிய பையன் வெயில், வைட்டமின், உடல் வலிமை, ஒலிம்பிக் பதக்கம் என்று கையை ஆட்டிப் பேசினான். நல்ல கைதட்டல். தாளாளரே தட்டினார். என் பெயர் கெட்டதைத் தவிர யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். நோட்டைப் பார்க்கவே இல்லை.

"என் நண்பர் சொன்னது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன்" என்று தொடங்கினாள். முதல்வர் மேடத்தின் முகம் மலர்ந்தது. "எங்கள் கணக்கு மிஸ் பி.டி. பீரியடை எடுப்பது சரிதான். மிஸ் பாவம், அவருக்கு வேறு வழி இல்லை. மிஸ்ஸின் பீரியடில் மிஸ்ஸை ஏழாம் வகுப்பு சி பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே ஜூன் மாதத்திலிருந்து கணக்கு டீச்சர் இல்லை. மிஸ் அங்கே பாடம் நடத்த முடியாது, சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள மட்டும்தான் முடியும். திரும்பி வருவதற்குள் எங்கள் பீரியட் முடிந்துவிடும். போர்ஷன் முடியவில்லை என்றால் பெற்றோர் மிஸ்ஸைத்தான் திட்டுவார்கள். மிஸ் யாரைத் திட்டுவார்? எங்களைத்தான் திட்ட முடியும். அதனால் மிஸ் பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளட்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாளாளர் ஐயா பெரிய மனது வைத்து ஏழு சி-க்கு ஒரு டீச்சர் போட்டால், மிஸ் தானாகவே திருப்பித் தந்துவிடுவார். வாய்ப்புக்கு நன்றி."

கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பிள்ளைகள் ஆசிரியர்களைப் பார்த்தார்கள். ஆசிரியர்கள் தாளாளரைப் பார்த்தார்கள். தாளாளர் மேசைமேல் இருந்த பூச்செண்டைப் பார்த்தார்.

கார்க்காரர்தான் முதலில் பேசினார். "ஏழு சி-யில கணக்கு டீச்சர் இல்லையா? என் பொண்ணு ஏழு சி. போன வாரம்கூட மேக்ஸ்ல ஏன் மார்க் குறைஞ்சுதுன்னு அவளைத் திட்டினேனே."

தீர்ப்புச் சொல்லாமலே டீ கொடுத்தார்கள்.

சாயங்காலம் முதல்வர் மேடம் என்னைக் கூப்பிட்டார். "இதெல்லாம் அந்தப் பொண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"பிள்ளைங்க தானாவே யோசிச்சது மேடம்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். கண்ணியமான உரையாடலின் பொறுப்பாசிரியர் நான்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மாவை வரச்சொன்னார்கள். சீருடையிலேயே வந்திருந்தார், மார்பில் கம்பெனி அட்டை தொங்கியது. முதல்வர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வகுப்பில் பாடம் எடுக்கிறவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இன்னாம்மா, பொண்ணு எதுனா மருவாதி இல்லாம பேசிட்சா?" என்று கேட்டார்.

"மரியாதை இல்லாமன்னு சொல்ல முடியாது. ரொம்ப மரியாதையாத்தான் பேசினா" என்றார் மேடம்.

"அப்போ பொய் எதுனா சொல்லிட்சா?"

"பொய்யும் இல்லை."

"அப்பொறம் இன்னாம்மா? அர நாளு பர்மிசன் போட்டுகினு வந்துகீறேன். எனுக்கு புரியிற மாரி சொல்லுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த இடத்துல எதைப் பேசணும்னு ஒண்ணு இருக்கில்ல. மரியாதையாப் பேசுறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

அந்த அம்மாள் யோசித்தார். "ஊட்டாண்ட தம்பிகாரங்கூட எப்ப பாத்தாலும் அடிச்சிகினு கெடக்கும். காது குடுத்துக் கேக்க முடியாது. இங்க வந்து மருவாதியா பேசுதுன்னா எனுக்கு சந்தோசந்தாம்மா. அத்தப் போயி கொறைக்கச் சொல்லணுமா?"

"அடுத்த வருஷம் ஒன்பதாவது. சீட் விஷயத்தை நாங்க யோசிச்சுத்தான் சொல்ல முடியும்" என்றார் மேடம்.

அந்த அம்மாளின் கை கழுத்து அட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதுவரை நேராகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் தரையைப் பார்த்தார். நேற்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"என்ன?" என்றார் மேடம். என் குரல் அவர் மேசைவரைகூடப் போகவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "அவ கேட்டா மேடம், நான்தான் சொன்னேன். ஏழு சி விஷயம், எல்லாமே. அவளா ஒண்ணும் சேர்க்கலை."

அந்த அம்மாள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதான் கணக்கு மிஸ்ஸா? உங்களப் பத்தி ஊட்ல பேசும்." என்ன பேசுவாள் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "பீரியட புடுங்கிக்குவாங்கன்னு."

எனக்கு மெமோ வந்தது. நிர்வாகத்தின் உள்விவகாரங்களை மாணவர்களிடம் பகிர்ந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது, அந்தப் பெண் பேசியதைவிட என் எழுத்தில் மரியாதை குறைவாக இருந்தது. கிழித்துவிட்டு, 'வருந்துகிறேன்' என்று இரண்டு வரியில் கொடுத்தேன்.

ஏழு சி-க்குப் பத்து நாளில் கணக்கு டீச்சர் வந்தார். விவாதத்தில் மனம் மாறிப் போட்டதாகச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. கார்க்காரர் அன்று டீயைக் குடிக்காமலே போய் ஏழாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டார். அன்று இரவுக்குள் அந்தக் குழுவில் பேசப்பட்ட மொழியை நான் இங்கே எழுத முடியாது. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகளின் பெற்றோர்கூட அந்த வாரத்திலேயே நேரில் வந்துவிட்டார்கள். 'நீங்கள் ஏன் அப்படி நினைக்கிறீர்கள்' என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டருகே நின்று கத்தினார்கள், டீச்சர் வந்தார். அடுத்த டேர்மிலிருந்து கடைசி பீரியடில் விவாதத்துக்குப் பதில் கையெழுத்துப் பயிற்சி என்று புதுச் சுற்றறிக்கை வந்தது. அதற்கும் நான்தான் பொறுப்பு. கையெழுத்துப் பயிற்சியில் யாரும் பேச வேண்டியதில்லை.

ஒன்பதாம் வகுப்புச் சீட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொடுப்போம் என்றும் இல்லை, மாட்டோம் என்றும் இல்லை. நானும் இரண்டு முறை மேடத்தின் அறை வாசல்வரை போய்விட்டு வேறு எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஜூன் மாதம் பட்டியல் ஒட்டியபோது ஆள் நடமாட்டம் குறையும்வரை காத்திருந்து போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. எப்படி வந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதற்கு முந்தைய ஒரு வியாழக்கிழமையைத்தான். ஏழு சி-க்கு டீச்சர் வந்துவிட்டதால் பி.டி. பீரியடை எடுக்க எனக்கு முகாந்திரம் இல்லை. ஆறாவது பீரியட் மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமிலேயே உட்கார்ந்திருந்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அப்போது பி.டி. சார் வந்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை.

"மிஸ், இந்த வாரம் மட்டும் பீரியடை நீங்களே எடுத்துக்குறீங்களா? என்னை பஸ் டியூட்டிக்குப் போட்டுட்டாங்க. ரெண்டு டிரைவர் வரலை. சி.டி.எச். ரோட்டுல ஒரு பஸ் வேற நின்னுபோச்சாம்."

"நீங்க எப்போதான் பி.டி. எடுப்பீங்க சார்?"

அவர் தன் விசிலைப் பார்த்தார். "அதை யாரும் என்னைக் கேட்டதில்லை மிஸ்" என்றார்.

கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் மாடிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வகுப்பு அந்தப் பெருமூச்சை விட்டது. "கிரவுண்டுக்குப் போங்க" என்றேன். ஒருவரும் அசையவில்லை. அது ஏதோ பரீட்சை என்று நினைத்தார்கள். மறுபடி சொன்ன பிறகுதான் பெஞ்சுகள் நகர்ந்தன.

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நான் நின்றேன். கோ-கோ ஆடினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் என்னை நடுவராக வைத்தார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் ஓடுவார்கள் என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு பையனை அவுட் என்றேன். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் என்மேல் பாய்ந்தார்கள். "அவன் அவுட் இல்ல மிஸ்", "அவ கோடு தாண்டிட்டா மிஸ்", "சும்மா சொல்றான் மிஸ், நான் பார்த்தேன்." யாரும் யாரையும் பேசவிடவில்லை. நான் என் முழுக் குரலில் "சைலன்ஸ்" என்றேன். ஒருவரும் நிறுத்தவில்லை. எல்.கே.ஜி. பக்கமிருந்து ஒரு அழுகைச் சத்தம் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். வியர்த்து, சடை அவிழ்ந்து, முழங்காலில் மண்ணோடு நின்றாள். "மிஸ், உங்களுக்கு இந்த கேம் தெரியல. அப்படி ஓரமா உக்காருங்க, நாங்களே பார்த்துக்குறோம்" என்றாள்.

தொட்டித் திட்டில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் இன்னும் சிறிது நேரம் கத்தினார்கள், அப்புறம் அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்து மறுபடி ஓடத் தொடங்கினார்கள். என்ன முடிவு என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவுட் என்று சொன்ன பையன் மட்டும் ஆட்டத்தை விட்டு வெளியேறி, என் பக்கத்தில் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தான்.